பிள்ளையின் சேர்க்கையும் நம் வீட்டுப் பேச்சும்

 

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் நம் கடலோர மஹல்லாக்களில் மக்தப் நடத்தும் ஆலிம்கள் எல்லோரும் கேட்டுப் பழகிய பேச்சு ஒன்றுண்டு. "ஹஜ்ரத், எங்க புள்ள நல்ல புள்ளதான், சேர்க்கைதான் சரியில்லை!" மறுநாள் அந்தச் 'சேர்க்கை'யின் தகப்பனார் வருவார். அவரும் இதையேதான் சொல்வார். இருவர் சொல்வதும் உண்மையானால் கெடுத்தவன் யார்?

நல்ல தோழனுக்குக் கஸ்தூரி விற்பவனையும், தீய தோழனுக்குக் கொல்லன் உலையில் துருத்தி ஊதுபவனையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உவமை காட்டியருளினார்கள். உலையின் புகையும் பொறியும் எப்படிப்பட்டவை என்பதைப் பட்டறைகளிலும் வார்ப்படச் சாலைகளிலும் உழைக்கும் நம்மவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த ஹதீஸைக் கேட்டவுடன், நம் பிள்ளை எந்தக் கடையில் போய் உட்காருகிறான் என்று மட்டுமே பார்க்கிறோம். பிறர் பிள்ளைக்கு நம் பிள்ளையும் ஒரு கடைதானே! அவன் கையில் இருப்பது கஸ்தூரியா, துருத்தியா? அந்தச் சரக்கு பெரும்பாலும் நம் வீட்டிலிருந்துதான் போகிறது.

மக்தபில் ஒரு சிறுவன் மற்றொருவனை "மீன்கூடை" என்று அழைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பிள்ளையின் தாய் துறைமுகத்தில் மீன் எடுத்து விற்றுப் பிழைப்பவர். பத்து வயதுப் பிள்ளைக்கு இந்த இளக்காரம் எங்கிருந்து வந்தது? ஸுஃப்ராவைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது ஊராரை நாம் எப்படிக் குறிப்பிடுகிறோம் என்று சற்றே நினைத்துப் பாருங்கள். நொண்டி பாய், கறுப்பன், குடிசைக்காரி! ஒருவரையொருவர் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் அல்லாஹுத் தஆலா 'ஹுஜுராத்' அத்தியாயத்தின் 11ஆம் வசனத்தில் தடுத்திருக்கிறான். வசனத்தைப் பிள்ளைக்கு மனனம் செய்விக்கிறோம். வீட்டுப் பேச்சில் அதை அழித்துவிடுகிறோம்.

அபூதர் (ரலி) அவர்கள் எத்தகைய தியாக சீலர்! அன்னாரே ஒரு சமயம் கோபத்தில் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்துப் பேசிவிட்டார்கள். இன்னும் ஜாஹிலிய்யத்தின் குணம் ஒட்டிக்கொண்டிருப்பதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களைக் கண்டித்தார்கள். பணியாளருக்கும் தாம் உண்பதையும் உடுத்துவதையும் கொடுக்க வேண்டும் என்றும் உபதேசித்தார்கள். பின்னாளில் ரப்தா என்னுமிடத்தில் அபூதர் (ரலி) அவர்களைக் கண்டவர்கள், எஜமானரும் ஊழியரும் ஒரே விதமான ஆடை அணிந்திருந்ததைப் பார்த்து வியந்து காரணம் கேட்டார்கள். அப்போதுதான் அன்னார் அந்தக் கண்டிப்பை எடுத்துச் சொன்னார்கள். நாவைத் திருத்தியது அவர்களுடைய வீட்டின் நடைமுறையையே மாற்றிவிட்டதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது அச்சம். நம் பகுதியின் பிழைப்பு நாம் அறிந்ததே. ஒருவர் இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் உறங்குகிறார். மற்றொருவர் கன்டெய்னர் லாரியுடன் எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக வாயிலுக்காகக் காத்துக் கிடந்துவிட்டு வீடு வருகிறார். களைப்பைக் குற்றம் என்று எவரும் சொல்லமாட்டார். ஆயினும் "அத்தா வந்துட்டாங்க" என்ற சொல் கேட்டதும் பிள்ளைகள் மூலையில் ஒடுங்கும் வீடு எத்தனை இருக்கின்றன! அடிக்குப் பயந்து வளரும் பிள்ளைக்குத் தெருவில் இரண்டு வழி எளிதாகிவிடுகிறது. தன்னைவிட இளைத்தவனை அடிப்பது ஒன்று. யாராவது ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போதும், அவன் பின்னால் போய்விடுவது மற்றொன்று. பின்னதே அதிகம் அஞ்சத்தக்கது. போதை மாத்திரை விற்பவன் தேடித் திரிவது அன்புக்கு ஏங்கும் இத்தகைய பிள்ளையைத்தான்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் பேரர் ஹஸன் (ரலி) அவர்களை முத்தமிட்டதைப் பார்த்த அக்ரஉ இப்னு ஹாபிஸ் என்பவர், தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்றார். இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்பதே அவருக்குக் கிடைத்த பதில். அனஸ் (ரலி) அவர்கள் பத்தாண்டுகள் பணிவிடை செய்தும் ஒரு முறைகூடச் 'சீ' என்ற சொல்லைக் கேட்டதில்லை.

பிள்ளைகளுக்குள் பாரபட்சம் காட்டுவதும் இவ்வாறே. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு மட்டும் தகப்பனார் அன்பளிப்புக் கொடுத்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குச் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். வீட்டில் தம்பியோடு ஒப்பிட்டே பழிக்கப்படுபவன் தோழனின் உயர்வைக் கண்டு எப்படி மகிழ்வான்?

"தெருவில் விடாமல் வீட்டிலேயே வைத்திருக்கிறோம்" என்பார் சிலர். கையில் செல்போனைக் கொடுத்து அடைத்து வைப்பது வளர்ப்பல்ல. நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக் கேரம் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற காசிமா என்ற பெண், புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்தவர். தகப்பனார் ஆட்டோ ஓட்டுபவர். அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கேரம் பயிற்சியும் அளித்து வருபவர். (கேரம் கூடுமா என்ற மஸ்அலாவை இங்கே எடுக்கவில்லை, அதைத் தனியே பேசுவோம்.) நாம் கவனிப்பது, தன் பிள்ளையோடு ஊரார் பிள்ளைகளையும் தன் கண்ணெதிரே உட்கார வைத்த தகப்பனாரைத்தான்.

அனஸ் (ரலி) அவர்களின் சிறு தம்பி அபூ உமைர் ஆசையாக வளர்த்த குருவி இறந்துபோனபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அந்தக் குழந்தையிடம் குருவியைப் பற்றியே விசாரித்தார்கள். நம் மகனின் தோழர்கள் மூவரின் பெயராவது நமக்குத் தெரியுமா? அவர்களில் ஒருவனாவது நம் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறானா?

வீடு ஒரே அறைதான், அழைத்து உட்கார வைக்க இடமில்லை என்பது உண்மையே. வாசற்படி போதும். வரும் பிள்ளைக்கு நாமே முந்தி ஸலாம் சொல்லலாம். சிறுவர்களைக் கடந்து போகும்போது ஸலாம் சொல்வது நாயகம் (ஸல்) அவர்களின் வழக்கம். மாற்று மதத்துப் பிள்ளையானால் பெயர் சொல்லி நலம் விசாரிக்கலாம். பெருநாளன்று பிரியாணித் தூக்கை நாமே கொண்டுபோகாமல் பிள்ளையின் கையில் கொடுத்துத் தோழன் வீட்டுக்கு அனுப்புங்கள். அந்த வீட்டு அம்மாவுக்கும் அவன் இன்னார் பிள்ளை என்று தெரியட்டும்.