சொல்லிய பின்

மானம் என்னும் சொல்லுக்கு நம்மவர் கொடுத்துவரும் விலையைப் பல வேளைகளில் குழந்தைகளே செலுத்துகின்றனர். குழந்தைக்குப் பாலியல் தீங்கு நேர்ந்ததெனத் தெரிய வந்தால், தாராவிச் சந்திலும் மாதுங்கா மாடிவீட்டிலும் முதலில் எழும் கேள்வி, 'வெளியே தெரிந்தால் என்ன ஆகும்?' என்பதே.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இக்கேள்விக்கு இடம் தரவில்லை. அறிந்தவர் அறிவித்தே ஆகவேண்டும்; அறிவியாதாருக்கு ஆறு மாதம் வரை சிறை. தீங்கிழைத்தவன் குடும்பத்திற்குச் சோறு போடுபவனாகவே இருந்தால் தாய் என் செய்வாள்? புகாராகிவிடுமே என்றஞ்சி மருத்துவரிடமும் போகாதிருப்பாள் என்பர் சிலர். இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. எனினும், வீட்டார் விருப்பத்திற்கே விட்டுவிட்டால் தீர்ப்பு வீட்டை ஆள்பவன் கைக்கன்றோ போய்ச் சேரும்! ஆதலின் கட்டாயம் தகும் என்றே கருதுகிறோம்.

ஆனால் பேசுமாறு கட்டாயப்படுத்திய அரசு, கேட்கவும் கடமைப்பட்டது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடையின்றிப் பதிய வேண்டும்; இரவில் காவல் நிலையத்தில் வைத்தலாகாது; 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். எழுதப்படும் மொழி குழந்தைக்குப் புரியாவிடில் மொழிபெயர்ப்பாளரையும் தரவேண்டும். மராத்தி மண்ணில் வாழும் நாம் அறிந்திருக்க வேண்டிய விதி இது.

ஏட்டில் இவ்வளவும் உண்டு. நடப்பிலோ, 2024 ஆகஸ்டில் பத்லாப்பூரில் மழலையர் வகுப்புச் சிறுமியர் இருவருக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்லச் சென்ற பெற்றோர் காவல் நிலையத்தில் பல மணி நேரம் காக்க வைக்கப்பட்டனர். ஆகஸ்டு 20 அன்று மக்கள் தண்டவாளத்தில் இறங்கி ரயில்களை மறித்த பின்னரே நாடு திரும்பிப் பார்த்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அறிந்தும் அறிவிக்கவில்லையெனப் பள்ளி நிர்வாகிகள் மீதும் வழக்குப் பதிவாயிற்று. செப்டம்பரில் குற்றஞ்சாட்டப்பட்டவன் காவலர் துப்பாக்கியால் இறந்தபோது இனிப்பு வழங்கினோரும் உண்டு. நமக்கு அது உவப்பன்று. நீதிமன்றத்தில் நிறுவப்பட வேண்டிய உண்மை நிறுவப்படாமலே போயிற்று.

ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்க்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் உண்டு. வட்டித் தகராறுக்கு அது பொருந்தலாம். இங்கே சமரசம் பேசுவோரும் அறிந்தும் அறிவியாதவரே ஆவர். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண், செம்பூரை அடுத்த தேவனாரிலுள்ள டாடா சமூக அறிவியல் கழகத்தின் களப்பணியாக 1996இல் தொடங்கியது. நம் சங்கங்களின் அறிவிப்புப் பலகைகளில் திருமணத் தகவலும் யாத்திரைச் சீட்டும் இடம்பெறுகின்றன. அவற்றினருகே அந்த எண்ணும், காவல் நிலையம் வரை உடன்வரக்கூடிய, மராத்தி அறிந்த இரு பெண்மணிகளின் பெயரும் இருக்கலாம்.