சாக்கோ: அளந்த நிலமும் அறிந்த நிலமும்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், கடல் மட்டத்துக்குச் சுமார் 1,900 மீட்டர் மேலே, வறண்ட மேட்டு நிலத்தில் கிடக்கிறது சாக்கோ பள்ளத்தாக்கு. கி.பி. 850 முதல் 1150 வரை பியூப்லோ மக்களின் முன்னோர் இங்கே மணற்கல்லை அடுக்கிப் பெருமனைகள் எழுப்பினார்கள். அவற்றில் பியூப்லோ போனிட்டோ என்ற ஒன்றில் மட்டும் அறைகள் 600க்கு மேல்.

1849இல் அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்த லெப்டினன்ட் ஜேம்ஸ் சிம்சன் இந்த இடிபாடுகளை அளந்து எழுதினார். 1929இல் சார்லஸ் லிண்ட்பர்க் வானிலிருந்து படம் எடுத்தார். இப்போது விமானத்திலிருந்து லேசர் கதிர் பாய்ச்சி மேடுபள்ளங்களைப் பதிவுசெய்கிறார்கள். தரையில் நிற்பவர் கண்ணுக்குத் தப்பும் பழஞ்சாலைகள் அதில் துலங்குகின்றன.

சக்கர வண்டியோ பொதிமாடோ அறியாத மக்கள் போட்ட அந்தச் சாலைகள் சில இடங்களில் 9 மீட்டர் அகலம். மேடு குறுக்கிட்டாலும் அவை வளைவதில்லை. செங்குத்துப் பாறை வந்தால் பாறையிலேயே படி வெட்டி ஏறுகின்றன. நடந்து போக மட்டும் இவ்வளவு அகலம் தேவையில்லை. வழிபாட்டுக்கும் இதில் பங்கு உண்டு என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

இப்படிப்பட்ட இடத்தை அளந்து எல்லாருக்கும் காட்டலாமா? கேள்வி இங்கேதான் பிறக்கிறது. வரைபடத்துக்கு எல்லாப் புள்ளியும் ஒன்றுதான். அந்த முன்னோரின் வழிவந்த ஹோப்பி, ஜூனி, அகோமா ஆகிய இன்றைய பியூப்லோ மக்களுக்கு அப்படியல்ல. சாக்கோ அவர்களுக்குக் கைவிடப்பட்ட ஊர் அல்ல. முன்னோர் இன்றும் உறையும் இடம். அறிவு எல்லாருக்கும் பொது என்கிறது அறிவியல். சில அறிவு அதற்குரிய கடமையை ஏற்றவருக்கே உரியது என்கிறது பியூப்லோ மரபு. இதை வெறும் மறைப்பு என்று தள்ளிவிட முடியாது. 1896 முதல் 1899 வரை நடந்த ஹைட் அகழாய்வு, பியூப்லோ போனிட்டோவின் புதைபொருள்களோடு மனித எலும்புகளையும் நியூயார்க் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனது. அளந்தவர்களுக்குப் பின்னாலேயே தோண்டுபவர்களும் வந்தார்கள் என்பதை அந்த மக்கள் மறக்கவில்லை.

ஜூனி ஓவியர்கள் தங்கள் நிலத்தைத் தாங்களே தீட்டியிருக்கிறார்கள். அந்தப் படங்களில் அளவுகோலுக்குப் பதிலாக வரலாறும் வழிபாடும் இடங்களை இணைக்கின்றன. எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்பதும் அவர்கள் முடிவே. அமெரிக்காவின் 1979ஆம் ஆண்டுத் தொல்பொருள் பாதுகாப்புச் சட்டமும் இத்தகைய இடங்களின் இருப்பிடத்தை வெளியிடாமல் வைக்க வழிசெய்கிறது. அளப்பது தவறல்ல; அந்த மக்களைக் கேட்காமல் அளப்பதும் வெளியிடுவதும்தான் தவறு.