துன்பக் காலத்தில் மகிழலாமா?

ஊரில் இருந்து துயரச் செய்தி வரும் நாட்களில் நம் வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது. உறவுகள் அங்கே அல்லற்படும்போது இங்கே பிள்ளைக்குப் பிறந்தநாள் கொண்டாடலாமா? திருவிழாவில் பட்டுடுத்திச் சிரித்துப் பேசலாமா? கலகலப்பாக இருப்பவரைக் கல்நெஞ்சர் என்றும், முகம் வாடி இருப்பவரைப் பற்றுள்ளவர் என்றும் நாம் எளிதில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

பெரியபுராணத்தில் வரும் திலகவதியாரை இங்கு நினைத்துப் பார்ப்போம். அப்பர் சுவாமிகளின் தமக்கையார் என்ற ஒரு வரியோடு அவரைக் கடந்து போவதே நம் வழக்கம். திருவாமூரில் தந்தை புகழனார் காலமானார். தாய் மாதினியாரும் உடன் மறைந்தார். மணம் பேசியிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்ட செய்தி அடுத்து வந்தது. இனி உயிர் வாழேன் என்று துணிந்தவரைச் சிறுவனான தம்பி மருணீக்கியாரின் அழுகை தடுத்தது. தம்பிக்காகவே உயிர் தரித்தார். பின்னர் அந்தத் தம்பியும் சமண நெறியை நாடிப் பிரிந்து போனார்.

திலகவதியார் திருவதிகை வீரட்டானத்தை அடைந்தார். விடியுமுன் எழுந்து கோயிலைக் கூட்டினார், மெழுகினார், பூக்கொய்து மாலை தொடுத்தார். துயரம் தீரட்டும், பிறகு தொண்டு செய்வோம் என்று அவர் காத்திருக்கவில்லை. வேலையில் மூழ்கித் துன்பத்தை மறந்தார் என்றும் சொல்ல முடியாது. தம்பியை மீட்டுத் தரும்படி அந்தச் சந்நிதியிலேயே வேண்டிக்கொண்டிருந்தார்.

நம் காலத்திலும் இதைக் கண்டிருக்கிறோம். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். பள்ளிக்கூடங்களும் கோயில்களும் நிரம்பி வழிந்தன. அந்த இரவைப் பற்றிப் பேசும்போது கண்கலங்குபவர்களே, எதை எடுப்பது என்று தெரியாமல் எதை எதையெல்லாம் சைக்கிளில் கட்டினோம் என்று சொல்லிச் சிரிக்கவும் செய்கிறார்கள். அவர்களுக்குச் சுமக்கப் பிள்ளை இருந்தது, மூட்ட அடுப்பு இருந்தது. தொலைவில் தொலைபேசிக்குக் காத்திருந்த நமக்கோ கைக்கு வேலை இருக்கவில்லை. சிரிப்பைக் குற்றமாக எண்ணியது நாம்தான்.

ஆகவே பிறந்தநாளை நிறுத்த வேண்டாம். அன்று ஊரில் ஒரு நேர அன்னதானத்துக்குப் பணம் அனுப்பும் வழக்கம் நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. அந்தப் பணத்தைப் பிள்ளையின் கையாலேயே உறையில் இடச் செய்யலாம். கேக் வெட்டுவதற்கு முன்போ பின்போ, அது அந்தந்த வீட்டாரின் விருப்பம்.