இரு சீடர், இரு பாடம்

கோல்ஃப் மட்டையைச் சுழற்றுவதைப் பொறியியலாகவே பார்த்தவர் அமெரிக்கரான ஹோமர் கெல்லி. 1969இல் வெளிவந்த அவருடைய ‘தி கோல்ஃபிங் மெஷின்’ நூல், அந்த ஒரு வீச்சையே 24 கூறுகளாகப் பிரித்து ஆராய்கிறது. கோணம், விசை, நெம்புகோல் என எல்லாவற்றுக்கும் அதில் கணக்கு உண்டு.

அதே அமெரிக்காவில், ஆஸ்டின் கன்ட்ரி கிளப்பில் ஹார்வி பெனிக் வேறு விதமாகக் கற்றுக்கொடுத்தார். டாம் கைட், பென் கிரென்ஷா இருவரும் சிறு வயதிலிருந்தே அவரிடம் பயின்றவர்கள். ஒருவருக்குப் பாடம் நடக்கும்போது மற்றவரைப் பார்க்க விடமாட்டார். ஒருவருக்கான திருத்தம் இன்னொருவரின் இயல்பைக் கெடுத்துவிடக் கூடாது என்ற அக்கறை அவருக்கு. 1992இல் கைட் யு.எஸ். ஓப்பன் பட்டம் வென்றார். 1995 ஏப்ரலில் ஆசிரியரின் சவப்பெட்டியைச் சுமந்துவிட்டுக் களமிறங்கிய கிரென்ஷா, அதே வாரம் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். அப்போது அவருக்கு வயது 43.

இன்று ரேடார் கருவி பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் நொடியில் அளந்து காட்டுகிறது. அந்த அளவீடு பிழையைக் கண்டுபிடிக்க உதவும்; அதை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் பயந்து நிற்கும் மாணவனிடம் பத்துத் திருத்தங்களை ஒரே மூச்சில் சொன்னால், மட்டையைப் பிடித்த கை இறுகிப்போகும். பத்தும் தெரிந்திருந்தும், இன்றைக்கு அவனுக்குத் தேவையான ஒன்றை மட்டும் சொல்பவரே நல்லாசிரியர்.

பாடத்தை அறிந்தால் மட்டும் போதாது. மாணவனையும் அறிய வேண்டும்.