பத்துப் பேரும் தூங்கினார்கள்

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சாலைகளில், ‘இயேசு சீக்கிரம் வருகிறார்’ என்று எழுதாத சுவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். எழுதியிருப்பதை நான் நம்புகிறேன். விசுவாசப் பிரமாணத்தில், நியாயந்தீர்க்க அவர் திரும்ப வருவார் என்கிற இடத்தில் என் குரல் ஒருபோதும் தாழ்ந்ததில்லை. என் வழக்கெல்லாம், அந்த வருகையைப் பற்றிப் பிள்ளைகளிடம் நாம் பேசுகிற விதத்தோடுதான்.

என் தலைமுறைக்கு அது பயமாகத்தான் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடம் விட்டு வருகையில் வீடு திறந்து கிடக்கும். அடுப்பில் உலை கொதிக்கும். அம்மாவைக் காணோம் என்றால் நெஞ்சு அடைத்துவிடும். எல்லாரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார், நான் மட்டும் விடப்பட்டேன் என்று புறவாசலுக்கு ஓடுவேன். கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் அம்மா, “என்னட்டி, பேயறைஞ்ச மாதிரி நிக்க?” என்பாள். இன்று ஓய்வுநாள் பள்ளியில் நான் பாடம் நடத்துகிற பிள்ளைகளின் கண்களிலும் அதே பயம் இருக்கிறது. அவர்களுக்கு அது கைப்பேசி வழியாக வருகிறது. ஒவ்வொரு யுத்தத்துக்கும் பூமியதிர்ச்சிக்கும் யாரோ ஒரு வசனத்தை ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள்.

மத்தேயு 25ஆம் அதிகாரத்துப் பத்துக் கன்னிகைகளை வைத்துத்தான் இந்தப் பயமெல்லாம் ஊட்டப்படுகிறது. நிதானமாக வாசித்தால் ஒன்று தெரியும். மணவாளன் வரத் தாமதமானபோது பத்துப் பேரும் தூங்கிப்போனார்கள். புத்தியுள்ள ஐந்து பேரும் சேர்த்துத்தான். விழித்திருக்கச் சொல்லி அந்த உவமையை முடிக்கிற ஆண்டவர், அவர்களுடைய தூக்கத்துக்காக ஒருத்தியையும் வெளியே நிறுத்தவில்லை. தீவட்டிக்கு எண்ணெய் இருந்ததா என்பதுதான் கேள்வி; மற்ற ஐந்து பேரிடம் அது போதவில்லை. புத்தியுள்ளவர்கள் அதை எடுத்துவைத்தது தூங்கப்போகுமுன்னே. அவர் சொன்ன விழிப்பு, நாள் பார்த்துக்கொண்டு கண் மூடாமல் உட்கார்ந்திருப்பதாக இருக்க முடியாது.

அப்படி உட்கார்ந்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து விவசாயியும் பாப்டிஸ்ட் பிரசங்கியுமான வில்லியம் மில்லர், தானியேல் 8:14 சொல்லும் 2300 நாளை 2300 வருஷமாக எடுத்துக்கொண்டார். கி.மு. 457இலிருந்து எண்ணி, வருகை நெருங்கிவிட்டது என்று ஊர் ஊராகப் பிரசங்கித்தார். அவரோடு சேர்ந்தவர்கள் கடைசியில் 1844 அக்டோபர் 22 என்று நாளே குறித்தார்கள். சிலர் விளைந்ததை வயலிலேயே விட்டுவிட்டார்கள். அறுவடை செய்வது அவிசுவாசமாகத் தோன்றியது. இரவு கழிந்து மறுநாள் விடிந்தபோது அழுது தீர்த்தார்கள். அவர்களை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆண்டவரை அவ்வளவு ஆசையாகத் தேடியவர்கள் அவர்கள். ஆனால் அந்த நாளைக் குமாரனும் அறியார் என்று மாற்கு 13இல் அவரே சொல்லியிருக்க, நமக்கு எதற்கு அந்தக் கணக்கு?

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அடக்க ஆராதனைகளில் முதலாம் தெசலோனிக்கேயர் 4:16ஐ வாசிக்கக் கேட்டிருக்கிறேன். எக்காளம் தொனிக்கிற வசனம். பவுல் கி.பி. 50ஐ ஒட்டி எழுதிய அந்த நிருபத்தில், ஐந்து வசனம் முன்னால், 11ஆம் வசனத்தில், அமைதலாக இருந்து அவரவர் வேலையைத் தங்கள் கையால் செய்யச் சொல்கிறார். இரண்டையும் ஒரே மூச்சில் எழுதியவரை நாம் பாதியில் நிறுத்திவிடுகிறோம்.

என் பெரியம்மா கருப்பட்டி காய்ச்சிப் பிழைத்தவள். ராத்திரிக் கன்வென்ஷன் கூட்டத்தில் மணலில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். எங்கள் தெருவில் பக்கவாதத்தில் விழுந்த தாத்தா ஒருவர் திண்ணையில் கிடந்தார், பிள்ளைகள் வெளியூரில். பெரியம்மா காலையில் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோவாள். முதலில் அவரை ஒருக்களிக்க வைத்து, முதுகை ஈரத்துணியால் துடைத்துப் பவுடர் போடுவாள். பழைய வேட்டியை நாலாக மடித்து இடுப்புக்குக் கீழே கொடுப்பாள். கஞ்சியை வாயின் நல்ல பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, தொண்டை அசைகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த கரண்டி. அவரை அடக்கம் செய்த அன்று சபை ஐயர் அவளுக்கு நன்றி சொன்னார். “நான் என்னத்தச் செஞ்சேன்?” என்று பெரியம்மா என்னைப் பார்த்தாள். அது தன்னடக்கத்துக்காகச் சொன்னதல்ல. அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

அதே 25ஆம் அதிகாரம் 31ஆம் வசனத்திலிருந்து இந்த முகத்தைத்தான் காட்டுகிறது. வலதுபக்கம் நிற்கிற நீதிமான்கள் திகைத்துப்போய், உம்மை எப்போது பசியாகக் கண்டோம் என்று ராஜாவிடமே கேட்கிறார்கள். தாங்கள் ஆயத்தமாக இருந்தது அவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை.

வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள்: “எண்ணெயில கொஞ்சம் அந்த அஞ்சு பேருக்கும் குடுத்தா என்ன டீச்சர்?” நல்ல மனசுள்ள கேள்வி. பெரியம்மாவைப் பற்றித்தான் அவளிடம் சொன்னேன். தொண்டை அசையும்வரை காத்திருக்கிற அந்தப் பொறுமை, நாள்தோறும் அந்தத் திண்ணையில் அவளுக்குள் ஊறியது. நடுராத்திரியில் அதை எனக்குப் பாதி ஊற்றிக் கொடு என்று கேட்டால், கொடுக்க மனமிருந்தும் அவளால் முடியாது.

இப்போதெல்லாம் அட்வென்ட் பாடத்தை அந்த 31ஆம் வசனத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். எக்காளம் அடுத்த வாரம். நம் தெருக்களில் படுத்த படுக்கையாக இருப்பவர்கள் யார் யார் என்று பிள்ளைகளிடம் கேட்டால், எந்த வீடு, எந்தத் திண்ணை, யார் வந்து பார்க்கிறார்கள், யாரும் வருவதில்லையா என்பதுவரை சொல்கிறார்கள். ஆராதனை முடிந்ததும் இரண்டு இரண்டு பேராக அந்த வீடுகளுக்குப் போகிறோம்.