பலன் கருதாதே என்று யாருக்கு யார் சொல்வது?

பண்டரிபுரத்தில் விட்டலன் செங்கல்லின் மேல் நிற்பதற்கான காரணம் நாமசங்கீர்த்தனம் கேட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும். தாய் தந்தையருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த புண்டலீகர், வாசலுக்கு வந்த கடவுளிடம் ஒரு செங்கல்லைத் தள்ளி, அதில் நிற்கச் சொல்லிவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தார். பெற்றவரைப் பேணுவது பூசையைவிட மேல் என்பதை இத்தனை துணிவாகச் சொன்ன கதை அரிது. விட்டலனை வழிபடும் வார்க்கரி மரபில் இன்னொரு கதையும் உண்டு. நாமதேவர் வீட்டில் வேலை செய்த ஜனாபாய் தனியாக மாவரைத்து மாளாமல் தவித்தபோது, அதே விட்டலன் திரிகைக்கு எதிரே உட்கார்ந்து கூட அரைத்தானாம். முதல் கதையில் கடவுள் நின்று வியக்கிறார். இரண்டாவதில் உட்கார்ந்து கை கொடுக்கிறார். படுக்கையில் விழுந்த மாமியாரையோ, நினைவு தப்பிய கணவரையோ, நடக்க முடியாத பிள்ளையையோ வருடக்கணக்கில் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு நம் சமூகம் முதல் கதையின் மரியாதையைத் தாராளமாகத் தருகிறது. தெய்வப் பிறவி என்கிறது. திரிகைப் பக்கம் வருவதில்லை.

வராமல் இருப்பதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. ஒரு அறவாதமும் இருக்கிறது. பணிவிடை கடமை, கடமையைப் பலன் கருதாமல் செய்வதே உயர்வு, எனவே செய்பவருக்குப் பணம், ஓய்வு, உதவி ஆள் என்று பேச ஆரம்பித்தால் அந்த உயர்வு கூலி வேலையாக இறங்கிவிடும் என்பது அது. கீதையைப் படிக்காதவர்களும் கீதையின் பெயரால் இதைச் சொல்கிறார்கள். இந்த வாதத்தில் ஒரு திருகல் இருக்கிறது. பலன் கருதாமை என்பது செய்கிறவர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் விதி. பக்கத்தில் நிற்பவர் அதை அவருக்கு விதிக்க முடியாது. கடன் கொடுத்தவர் திருப்பித் தர வேண்டாம் என்று சொன்னால் அது பெருந்தன்மை. வாங்கியவர், நீ திருப்பிக் கேட்காமல் இருப்பதுதான் உனக்கு அழகு என்று கொடுத்தவருக்கே உபதேசம் செய்தால் அதற்குப் பெயர் வேறு. வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணின் முதுகில் முழுச் சுமையையும் ஏற்றிவிட்டு, அவளிடம் பற்றின்மை பேசும் அண்ணன் தம்பிகளும், ஊரும், அரசும் செய்வது இந்த இரண்டாவது காரியம்.

சுமை எவ்வளவு என்பதை உணர்ச்சியை விலக்கிவிட்டுப் பார்க்கலாம். 2019-ல் எடுக்கப்பட்ட இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டாரைக் கவனிக்கும் ஊதியமற்ற வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 134 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 76 நிமிடம். இதில் பெரும்பகுதி குழந்தை வளர்ப்பு. முதியோர் பராமரிப்பின் கனம் சராசரியில் தெரியாது. அது சில வீடுகளில் இருபத்து நான்கு மணி நேரமாக இறங்குகிறது. இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் இருக்கலாம் என்று ஒரு தேசிய ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோரைப் பார்த்துக்கொள்வது குடும்பத்தில் ஒருவர். அந்த ஒருவரின் உடம்புக்கு என்ன ஆகிறது? 1999-ல் ஷூல்ஸ், பீச் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், துணைவரைப் பராமரிக்கும் முதியவர்களை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பராமரிப்பதோடு அதனால் நெருக்கடியையும் உணர்ந்தவர்களுக்கு, பராமரிக்கும் பொறுப்பு இல்லாதவர்களைவிட மரண அபாயம் 63 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். அதற்கு நான்காண்டு முன்பு ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த சிறிய ஆய்வொன்று இன்னும் நேரடியானது. மறதி நோயாளியைப் பராமரிக்கும் பெண்கள் 13 பேருக்கும், அதே வயதுள்ள வேறு 13 பெண்களுக்கும் தோலில் ஒரே அளவு சிறு காயம் செய்து பார்த்தார்கள். பராமரிப்பவர்களின் காயம் ஆற ஒன்பது நாள் கூடுதலாகப் பிடித்தது.

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்றைச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் எதிர்த் தரப்புக்கு இது உதவக்கூடியது. 2013-ல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வு சுமார் 3,500 பராமரிப்பாளர்களை, அவர்களை ஒத்த மற்றவர்களோடு சோடி சேர்த்து ஆறு ஆண்டுகள் கவனித்தது. பராமரிப்பாளர்களின் இறப்பு விகிதம் 18 சதவீதம் குறைவாகவே இருந்தது. அப்படியானால் பணிவிடை உடம்புக்கு நல்லது என்று சொல்லலாமா? சொல்லலாம், நான் மறுக்கவில்லை. ஒருவருக்குப் பயன்படுகிறோம் என்ற நிறைவு உயிரைத் தாங்கும் சக்திதான். ஆனால் இரண்டு ஆய்வையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் ஆய்விலும் நெருக்கடியை உணராத பராமரிப்பாளர்களுக்கு அந்தக் கூடுதல் அபாயம் இல்லை. ஆளைத் தேய்ப்பது பணிவிடை இல்லை, தாங்க முடியாத நெருக்கடி என்றுதான் இதிலிருந்து எனக்குப் புரிகிறது. நெருக்கடி எங்கே வருகிறது என்பதும் ஊகிக்கக் கடினமானதில்லை: மாற்று ஆள் இல்லாத இடத்தில், கேட்டுச் சொல்ல ஒருவர் இல்லாத இடத்தில், ராத்திரித் தூக்கம் இல்லாத இடத்தில். கோவாவில் அமித் டயஸ் தலைமையிலான குழு 2008-ல் வெளியிட்ட ஆய்வு இதையே வேறு திசையிலிருந்து காட்டியது. மறதி நோயாளி உள்ள 81 குடும்பங்கள் அதில் இருந்தன. உதவி கிடைத்த வீடுகளுக்கு நிபுணர் தினமும் போகவில்லை. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆள் ஒருவர் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது போய் உட்கார்ந்து பேசினார். நோய் என்னவென்று விளக்கினார், நடத்தையைச் சமாளிக்க வழி சொன்னார், அரசு உதவி எதற்கு மனுப் போடலாம் என்று காட்டினார். ஆறு மாதத்தில் பராமரிப்பவர்களின் மனநிலை கண்கூடாகத் தேறியது. அரசாங்கம் திவாலாகிவிடும் அளவுக்கு இதில் செலவு என்ன இருக்கிறது?

பணிவிடையும் பலனும் பற்றி மத நூல்களில் நான் அறிந்தவரை மிகத் தெளிவாக யோசித்திருப்பது பௌத்த விநயபிடகத்தின் மகாவக்கம். ஒரு பிக்கு வயிற்றுப்போக்கில் தன் கழிவிலேயே கிடக்கிறார். புத்தரும் ஆனந்தரும் அவரைக் காண்கிறார்கள். ஏன் யாரும் கவனிக்கவில்லை என்று விசாரித்தால், இவர் மற்றவர்களுக்கு ஒன்றும் செய்ததில்லை, அதனால் அவர்களும் செய்யவில்லை என்று தெரிகிறது. கொடுக்கல் வாங்கல் அறத்தின் சுத்தமான வடிவம். இருவரும் அவரைக் குளிப்பாட்டித் தூக்கிப் படுக்கவைக்கிறார்கள். அவர் கிடந்தது முன்வினைப் பயன் என்று அங்கே யாரும் விளக்கம் சொல்லவில்லை என்பதையும் கவனிக்கலாம். வினைக் கோட்பாட்டின் சொந்த வீட்டில் நடந்த சம்பவம் அது. பிறகு புத்தர் சங்கத்தைக் கூட்டி விதி செய்கிறார். வீட்டை விட்டு வந்தவர்களுக்குத் தாயும் இல்லை தந்தையும் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் யார் பார்ப்பார்கள் என்பது அவர் கேள்வி. குரு இருந்தால் குரு கவனிக்க வேண்டும், சீடன் இருந்தால் சீடன். இப்படி நெருங்கியவர்களின் வரிசை போய், யாருமே இல்லையென்றால் சங்கம் முழுவதும் பொறுப்பு. சங்கம் தவறினால் அது சங்கத்தின் குற்றம். பொறுப்பு நெருங்கியவரிடம் ஆரம்பிக்கிறது, அவரோடு முடிந்துவிடுவதில்லை.

இதைவிட முக்கியமானது அடுத்து வருகிறது. நோயாளியைப் பேணத் தகுந்தவர் யார் என்று அந்த நூல் ஐந்து தகுதிகளைச் சொல்கிறது. மருந்து தயாரிக்கத் தெரிய வேண்டும், மலத்துக்கும் வாந்திக்கும் அருவருக்கக் கூடாது என்பவற்றோடு, அன்பினால் பேண வேண்டும், ஆதாயத்துக்காகக் கூடாது என்பதும் அதில் ஒன்று. அதாவது பலன் கருதாமை. சில பத்திகள் தாண்டினால் வேறொரு விதி. இறந்துபோன பிக்குவின் உடைமைக்குச் சங்கமே உரிமையாளர். ஆனால் பேணியவர்கள் மிகவும் உதவியவர்கள். ஆகவே இறந்தவரின் பாத்திரத்தையும் சீவரம் எனப்படும் துறவாடையையும் அவர்களுக்கே சங்கம் அளிக்கலாம். பேணியவர் இன்னும் முழுத் துறவு பெறாத இளம் சாமணேரராக இருந்தாலும் சமபங்கு உண்டு. ஆதாயம் எதிர்பார்க்காதே என்ற கட்டளை பேணுகிறவரை நோக்கியது. அவருக்குக் கொடு என்ற கட்டளை சங்கத்தை நோக்கியது. இரண்டும் ஒரே நூலில், ஒரே அத்தியாயத்தில், முரண்படாமல் உட்கார்ந்திருக்கின்றன. நாம் முதல் கட்டளையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதையும் தவறான ஆள் வாயில் வைத்துவிட்டோம்.

பணம் அன்பைக் கெடுக்கும் என்ற ஐயத்தை மத நம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. பொருளியல் ஆய்வும் அதற்குத் துணைக்கு வரும். இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைக் காப்பகங்கள் சிலவற்றில், பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்துப் பார்த்தார்கள். தாமதம் ஏறத்தாழ இரட்டிப்பானது. கூச்சம் இருந்த இடத்தில் விலை வந்து உட்கார்ந்தது. அபராதத்தை நீக்கியும் பழைய கூச்சம் திரும்பவில்லை. உண்மைதான். ஆனால் அங்கே பணம் ஒரு செயலுக்கு விலையாக நின்றது. கேரளத்தில் ஆஸ்வாசகிரணம் என்ற திட்டம், படுக்கையில் கிடப்பவரை முழுநேரமும் கவனிப்பவருக்கு மாதம் 600 ரூபாய் என்று வகுத்தது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து விரிப்பை மாற்றும் வேலைக்கு இது விலை என்று யாரும் நினைக்கப்போவதில்லை.

பணத்துக்கு எதிரான வலுவான வாதம் ஜப்பானியப் பெண்களிடமிருந்து வந்தது. 1997-ல் சட்டமாகி 2000 ஏப்ரலில் அமலுக்கு வந்த அந்த நாட்டின் பராமரிப்புக் காப்பீடு, நாற்பது வயதிலிருந்து எல்லோரிடமும் பிரிமியம் வாங்குகிறது. வீட்டுக்கு உதவி ஆள், பகல்நேர மையம், சில நாள் தங்கும் வசதி எனச் சேவைகளைத் தருகிறது. குடும்பத்தாருக்கு ரொக்கம் தருவதில்லை. ஹிகுச்சி கெய்கோ போன்ற பெண்ணுரிமையாளர்கள் ரொக்கத்தை எதிர்த்து வாதாடினார்கள்: பணம் வந்தால் மருமகள் நிரந்தரமாக அந்த அறையிலேயே கட்டிவைக்கப்படுவாள், காசும் அவள் கைக்கு வராது. ஜப்பானுக்கு ஐந்தாண்டு முன்பே இதே போன்ற காப்பீட்டைத் தொடங்கிய ஜெர்மனி வேறு வழியில் போனது. சேவை அல்லது ரொக்கம் என்று குடும்பம் தேர்ந்துகொள்ளலாம். பராமரிப்பவருக்கு ஓய்வூதியக் கணக்கில் தவணையும் கட்டப்படுகிறது. எது சரி? இந்தியக் குடும்பத்தில் யார் கையில் பணம் தங்கும் என்று யோசித்தால் ஜப்பானியப் பெண்களின் அச்சம் இங்கே இன்னும் பொருந்தும். ஆகவே முதலில் ஆள், பிறகு பணம் என்பேன். பணம் தந்தால் அது பராமரிப்பவரின் சொந்த வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். ஆனால் ஜப்பானிலும் சேவை மட்டும் போதவில்லை. 2022 கணக்கெடுப்பின்படி ஓராண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பராமரிப்புக்காக வேலையை விட்டிருந்தார்கள். வாரிசு அல்லாத மருமகள், தான் பேணிய மாமனார் மாமியாரின் வாரிசுகளிடம் பணம் கோரலாம் என்று 2019-ல் அங்கே சட்டமே மாறியது. மகாவக்கத்தின் சீவரமும் பாத்திரமும் வேறு உருவில் வந்ததாக நான் இதைப் படிக்கிறேன். சட்டம் எழுதியவர்கள் அப்படி நினைத்திருக்க வேண்டியதில்லை.

வெளியாள் கை கொடுத்தால் குடும்பம் கை கழுவிவிடும் என்ற பயம் ஒன்று மிச்சம். நார்வே, இங்கிலாந்து, ஜெர்மனி, ஸ்பெயின், இஸ்ரேல் என்ற ஐந்து நாடுகளில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வு இதையே கேட்டது. அரசுச் சேவை அதிகமுள்ள இடங்களில் பிள்ளைகள் விலகிப்போனதற்குச் சான்று கிடைக்கவில்லை. முதியவருக்கு மொத்தத்தில் கிடைத்த உதவிதான் கூடியது. குளிப்பாட்ட இன்னொருவர் வந்தால், மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கிறது. அன்பு பெருகுவதற்கு ஓய்வு தேவை என்பதை ஆராய்ச்சி செய்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்பது கொஞ்சம் வெட்கம்தான்.

தமிழ்நாட்டில் அடித்தளம் இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. 2023 செப்டம்பரில் வந்த மகளிர் உரிமைத் தொகை, பெண்ணின் ஊதியமற்ற உழைப்புக்கு அங்கீகாரம் என்ற வாதத்தோடுதான் வந்தது. வீடு தேடிப் போகிற செவிலியர், படுத்திருப்பவரின் ரத்த அழுத்தத்தோடு பக்கத்தில் நிற்பவரின் ரத்த அழுத்தத்தையும் பார்க்கலாம். எப்போது தூங்கினீர்கள் என்று கேட்கலாம். மாதத்தில் இரண்டு நாள் மாற்று ஆளுக்கு ஏற்பாடு செய்யலாம். மாறாக, மத்தியச் சட்டம் வேறு பக்கம் பார்க்கிறது. 2007-ன் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் பெற வழி செய்கிறது; 2019-ல் வந்த திருத்த மசோதா மருமகளையும் மருமகனையும் அந்தக் கடமைக்குள் இழுக்கப் பார்த்தது. முதியவரைக் கைவிடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ என்று 2007 சட்டத்தின் 24-ஆம் பிரிவு சொல்கிறது. கைவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு என்ன உதவி என்று சொல்லும் பிரிவு அதில் இல்லை. அடுத்த திருத்தம் வரும்போது நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் முதலில் கேட்க வேண்டியது அந்தப் பிரிவைத்தான்.