கையின் அறிவு யாருக்குச் சொந்தம்?

ஒரு தொழிலாளி இருபது ஆண்டுகள் உழைத்துத் தன் கையிலே சேர்த்துவைத்த திறமையை ஓர் இயந்திரம் ஒரே நாளில் கற்றுக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அன்றிலிருந்து அத்திறமை யாருடையது? கையுடையவனுடையதா, இயந்திரத்தை ஆக்கியவனுடையதா, அதை விலைகொடுத்து வாங்கியவனுடையதா? கண்டுபிடிப்புகளுக்கு ஆக்கவுரிமை வழங்கும் சட்டம் பின்னவர் இருவரையும் நன்கறியும். முன்னவனை அது அறியாது. சட்டம் கைவிட்ட இடத்திலேதான் அறநெறிக் கேள்வி பிறக்கிறது.

இக்கேள்வி பெருந்தொழிற்சாலைகளுக்கு மட்டும் உரியதன்று. அக்கரைப்பற்றிலிருந்து ஒலுவில் வழியாகக் கல்முனைக்குச் செல்லும் பிரதான வீதியில் எத்தனை வெல்டிங் பட்டறைகள்! வீட்டுக் கேற்றும் யன்னல் கிரில்லும் அங்கே செய்கிறார்கள். உழவு இயந்திரத்தின் பெட்டி உடைந்தாலும் கலப்பைக் கொழு முறிந்தாலும் விவசாயி ஓடிவருவது அங்கேதான். முன்னர் இப்பட்டறைகளின் மூலையில் இருவர் சேர்ந்தும் தூக்கமுடியாத மின்மாற்றிப் பெட்டி ஒன்று உறுமிக்கொண்டிருக்கும். இன்று அதன் இடத்தில் ஒரு கையால் தூக்கிச் செல்லத்தக்க ‘இன்வெர்ட்டர்’ பெட்டி இருக்கிறது. பாரம் குறைந்ததை எல்லோரும் கண்டுகொண்டனர். பெட்டிக்குள் வேறொன்றும் குடிபுகுந்திருப்பதைச் சிலரே கவனித்தனர்.

வெல்டிங் கற்கும் சிறுவன் முதலில் கற்பது மின்வாய்க் கம்பி இரும்போடு ஒட்டிக்கொள்ளாமல் வில்லை ஏற்றுவது. கம்பியின் நுனிக்கும் இரும்புக்கும் இடையில் சில மில்லிமீற்றர் இடைவெளி. அது குறைந்தால் கம்பி ஒட்டிக்கொள்ளும், கூடினால் வில் அணைந்துவிடும். கம்பியோ எரிந்து குறுகிக்கொண்டே வருகிறது. ஆகவே கை ஒரே வேளையில் கீழ்நோக்கி இறங்கவும் வேண்டும், பக்கவாட்டில் நகரவும் வேண்டும், சாய்வும் மாறக்கூடாது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண் அதிகம் காண்பதில்லை. செவிதான் வழிகாட்டி. எண்ணெயில் ஏதோ பொரிவது போன்ற சீரான ஓசை கேட்டால் வேலை சரி. “சத்தத்தக் கேளு தம்பி” என்று மூத்தவர்கள் சொல்வது இதனால்தான். மாதக்கணக்கில் கம்பி ஒட்டி, ஏச்சு வாங்கி, விரல் சுட்டுக் கற்ற இக்கல்வியின் ஒரு பகுதியை அந்தச் சிறு பெட்டியிலுள்ள இலத்திரனியற் சுற்று தானே செய்துவிடுகிறது. வில் ஏறும் கணத்தில் மின்னோட்டத்தைக் கூட்டுகிறது. இடைவெளி குறுகினால் இன்னும் கொஞ்சம் செலுத்துகிறது. ஒட்டிக்கொண்டால் மின்னோட்டத்தை அடக்கிவிடுகிறது. தானியங்கிக் கட்டுப்பாடு என்பது எங்கோ வரப்போகும் விடயமன்று. அது ஒலுவிலுக்கு வந்து பல ஆண்டுகளாகிவிட்டன.

இதன் வரலாறு சுவையானது, அதைவிடக் கசப்பானது. மின்வில்லால் உலோகங்களை இணைக்கும் முறையை உருசியப் பேரரசில் வாழ்ந்த நிக்கொலாய் பெனார்டோஸ் 1880களின் தொடக்கத்தில் கண்டார். கிரேக்கப் புராணத்துக் கொல்லன் கடவுளின் பெயரைச் சேர்த்து அதற்கு ‘இலெக்ட்ரோஹெபெஸ்டஸ்’ எனப் பெயரிட்டார். வெளிநாடுகளில் ஆக்கவுரிமை பெறப் பணம் வேண்டும். அவரிடம் அது இல்லை. பணம் தந்த ஒல்ஷேவ்ஸ்கி என்பவரின் பெயரும் ஆவணங்களில் ஏறியது. பெனார்டோஸ் 1905 இல் ஓர் ஏழையர் விடுதியில் இறந்தார். கண்டுபிடித்தவனுக்கே உரிமை நிலைக்காத உலகில் கம்பி பிடித்தவனை யார் கணக்கில் எடுப்பார்?

1888 இல் சிலாவியானொவ் என்ற பொறியியலாளர் உருகும் உலோகக் கம்பியையே மின்வாயாக்கினார். 1920 இல் அமெரிக்காவின் ஜெனரல் இலெக்ட்ரிக் கம்பனியைச் சேர்ந்த நோபல் என்பவர் கையின் வேலையையே இயந்திரத்திடம் ஒப்படைத்தார். வில் நீண்டால் வோல்ற்றளவு உயரும்; உயர்ந்தால் கம்பியைத் தள்ளும் மோட்டர் விரைவாகச் சுழலும்; இடைவெளி பழைய அளவுக்கு வரும். செவி கேட்டதை வோல்ற்றுமானி கேட்டது, அவ்வளவே.

பின்னர் நடந்தது இன்னும் வியப்பானது. கியேவ் நகரில் எவ்கெனி பற்றன் நிறுவிய மின் வெல்டிங் நிறுவனம் போரின்போது ஊரல் மலைப்பகுதியின் நிஸ்னி தகிலுக்கு இடம்பெயர்ந்தது. தாங்கிகளின் உடலை இணைக்கத் தேர்ந்த தொழிலாளர் போதவில்லை. 1942 இல் அங்கே டியாற்லொவ் என்ற ஆய்வாளர் ஓர் உண்மையைக் கண்டார். கம்பியை மாறாத வேகத்தில் தள்ளினாலே போதும். வில் நீண்டால் மின்னோட்டம் குறையும், கம்பி மெதுவாக உருகும், இடைவெளி தானே சுருங்கும். வில் குறுகினால் இதற்கு மாறாக நடக்கும். சிக்கலான கட்டுப்பாட்டுக் கருவியே தேவையில்லை. வில் தன்னைத் தானே ஆள்கிறது! இயந்திரம் எளிதாயிற்று. பெண்களும் பதின்மவயதுச் சிறுவர்களும் அதை இயக்கித் தாங்கிகளை ஆக்கினர். பாசிசத்தை முறியடித்ததில் அந்த எளிய இயந்திரத்துக்கும் பங்குண்டு.

வெட்டும் கருவிகளும் இவ்வழியிலேயே வந்தன. ஒட்சிசன் சுவாலையால் இரும்பை வெட்டும்போது நாம் அதை உருக்குவதாக எண்ணுகிறோம். உண்மையில் சூடேற்றிய இரும்பை ஒட்சிசனில் எரிக்கிறோம். 1957 இல் பிளாஸ்மா வெட்டு வந்தது. இன்று கணினி வரைந்த பூவேலையை அதே வடிவில் தகட்டிலே வெட்டித் தரும் மேசைகள் வந்துவிட்டன. சோக்கட்டியால் தகட்டில் கோடு போட்டு வெட்டிய கைகளுக்கு அங்கே வேலையில்லை.

பெனார்டோஸ் பெயர் எடுத்த அதே கொல்லன் கடவுளை அரிஸ்டோட்டிலும் நினைவுகூர்ந்தார். அக்கடவுள் செய்த முக்காலிகள் தாமாகவே நகருமாம். அதுபோல நாடாவும் தானே நெய்யுமாயின் எசமானுக்கு அடிமை தேவைப்படமாட்டான் என்று அரசியல் நூலில் அவர் வாதிட்டார். அடிமை முறைக்குச் சமாதானம் கூற எழுந்த வாதம் அது. ஆயினும் அறியாமலே ஒரு வாக்குறுதியும் அதில் அடங்கிவிட்டது: கருவி தானே இயங்கினால் மனிதன் விடுதலையாவான். நாடா தானே ஓடத் தொடங்கி இரு நூற்றாண்டுகளுக்கு மேலாயிற்று. வாக்குறுதி யாருக்கு நிறைவேறியது என்பதை மருதமுனை நெசவாளரிடம் கேட்டறியலாம். தாவூத் நபிக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டது என்று நம் வீடுகளில் ஓதிக் கேட்கிறோம். கைக்கு இரும்பை வசப்படுத்தும் அருள் அது. கையையே வேண்டாததாக்கும் அருளன்று.

இனி மூலக் கேள்விக்கு வருவோம். 1967 இல் நோர்வேயின் திரால்பா நிறுவனம் தள்ளுவண்டிகளுக்கு வர்ணம் பூச ஓர் இயந்திரக் கையை ஆக்கியது. தேர்ந்த பூச்சாளர் ஒருவர் அக்கையைப் பிடித்து ஒருமுறை பூசிக் காட்டுவார். அது அவ்வசைவைப் பதிந்துவைத்து எத்தனை முறையும் திரும்பச் செய்யும். இன்று வெல்டிங் றோபோக்களையும் இவ்வாறே கற்பிக்கிறார்கள். கற்பிப்பவருக்குக் கிடைப்பது அன்றைய நாட்கூலி. பதிவான அசைவோ நூறு இயந்திரங்களுக்குப் பிரதியாகிறது. ஆசிரியர்களாகிய நாம் இதைச் சற்றுச் சிந்திக்கவேண்டும். நம் மாணவன் கற்றதால் நாம் எதையும் இழப்பதில்லை. வெல்டரின் அந்த ஒரே மாணவன் கற்று முடித்த மறுநாள் ஆசான் வேலை இழக்கக்கூடும்.

டேவிட் நோபிள் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1984 இல் வெளியிட்ட ‘உற்பத்திச் சக்திகள்’ என்ற நூலில் இன்னொன்றைக் காட்டினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் உலோகம் கடையும் இயந்திரங்களைத் தானியங்கியாக்க இரு வழிகள் இருந்தன. ஒன்று, தொழிலாளியின் அசைவை நாடாவில் பதிதல். மற்றது, அலுவலகத்திலிருந்து எண்களாகக் கட்டளை எழுதி அனுப்புதல். முதல் வழியில் அறிவின் ஊற்று தொழிலாளியிடமே இருக்கும். நிருவாகங்கள் இரண்டாம் வழியையே வளர்த்தன. இயந்திரவியல் மட்டும் இத்தெரிவைச் செய்யவில்லை, வேலைத்தளத்தை ஆளும் ஆசையும் சேர்ந்தே செய்தது என்பது அவர் முடிபு. லோர்ட்ஸ்டவுண் மோட்டார்த் தொழிற்சாலையில் 1969 இல் வெல்டிங் றோபோக்கள் வரிசையாக நின்றன. மணிக்கு நூறு கார் என்ற வேகம் தொழிலாளர் மேல் சுமத்தப்பட்டது. 1972 இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். றோபோ வந்தால் மனிதன் ஓய்வெடுப்பான் என்ற கதையை அவர்களிடம் யாரும் சொல்லவில்லைப் போலும்.

இவ்விடத்தில் நம் முகாமினர் ஒரு பழகிய விடையைக் கையில் வைத்திருப்பர்: உடைமை மாறினால் எல்லாம் சரியாகும். உடைமை முதன்மையானது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் நிஸ்னி தகிலில் உடைமை மாறியே இருந்தது. அங்கும் கருவியின் வடிவத்தைப் பற்றிக் கம்பி பிடித்தவனிடம் யாரும் ஆலோசனை கேட்டதாகத் தெரியவில்லை. போர்க்காலத்தில் அதை மன்னிக்கலாம். போர் முடிந்த பின்னும் அதுவே வழக்கமானால்? ஓர் இயந்திரம் எந்தப் பாரத்தை மனிதனிடமிருந்து எடுக்கவேண்டும், எந்தத் திறமையை விட்டுவைக்கவேண்டும் என்பதை அப்பாரத்தைச் சுமப்பவன் சொல்லமுடியாத இடத்தில் உடைமைப் பத்திரம் யார் பெயரில் இருந்தாலும் அநீதி மிஞ்சிவிடுகிறது.

இதற்குக் கண்ணைவிட நல்ல சான்று இல்லை. வில்லின் ஒளியைப் பகலில் நேரே பார்த்தவனுக்கு அன்றிரவு கண்ணுக்குள் மண்ணை அள்ளிப் போட்டதுபோல் எரியும்; உருளைக்கிழங்கை வெட்டி இமையின்மேல் வைத்துக்கொண்டு விடியும்வரை விழித்திருப்பான். வில் எழும் கணத்தில் தானே கறுக்கும் கண்ணாடி பொருத்திய முகமூடி சுவீடனிலிருந்து 1981 இல் வந்தது. கம்பியைத் தானே ஊட்டும் கருவி வந்ததோ 1920 இல். உற்பத்தியை விரைவாக்கும் தானியங்கிக்கும் கண்ணைக் காக்கும் தானியங்கிக்கும் இடையில் அறுபத்தொரு ஆண்டுகள்! திரவப் பளிங்குத் தொழினுட்பம் அன்று இல்லையே என்பர். மெய்தான். ஆனால் எந்த ஆராய்ச்சிக்கு எவ்வளவு பணம், எவ்வளவு அவசரம் என்பதையும் யாரோ தீர்மானித்தார்கள் அல்லவா? வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் உறுதியாக வகைப்படுத்தியது 2017 இல்தான். நம் பட்டறைகளில் பலவற்றில் இன்றும் அப்புகைக்குப் போக்கிடம் திறந்த கதவு ஒன்றே. பெட்டியை வாங்கக் கடன்படும் முதலாளி முகமூடியைச் செலவாகக் கருதுகிறார். அவரைக் கொடியவர் என்று சொல்ல மனம் வரவில்லை. பெட்டி கூலியை மிச்சப்படுத்துகிறது, முகமூடி மிச்சப்படுத்துவதோ அவருடைய கணக்குப் புத்தகத்தில் வராத ஒன்று.

நம் ஊரில் அமைச்சர் அஷ்ரஃப் 1990களில் கண்ட துறைமுகக் கனவு, டென்மார்க்கின் கடனுதவியோடு 2008 இல் வேலையாகத் தொடங்கி 2013 இல் திறப்புவிழாக் கண்டது. வாயிலை மணல் மூடியது. வடக்கே கரையைக் கடல் அரித்தது. கப்பல் வரவில்லை, கப்பல் திருத்தும் வேலையும் வரவில்லை. 2013 முதல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவும் உண்டு. நம் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள். பலர் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெற்று வளைகுடாவுக்குப் போகிறார்கள். அங்கே நாற்பத்தைந்து பாகை சரிவில் அசையாமல் பொருத்திய குழாயொன்றைச் சுற்றிக் கையால் வெல்டிங் செய்துகாட்டச் சொல்லிச் சோதிக்கிறார்கள். மேலே, கீழே, தலைக்கு மேலே என எல்லா நிலையும் அந்த ஒரு வளையத்தில் வந்துவிடும். பாலைவனத்தில், ஏணியின்மேல், குழாய் வளையும் மூலையில் இயந்திரத்தைக் கொண்டுபோய் நிறுத்துவது இன்னும் செலவாகிறது. ஆகவே கை தேவைப்படுகிறது. சோதனையில் தேறியவனுக்கு வேலை கிடைக்கும். சோதனைக்காக அவன் இணைத்த குழாயை அறுத்து, வளைத்து, ஊடுகதிர் பாய்ச்சிப் பார்த்துவிட்டு இரும்புக் குவியலில் எறிந்துவிடுவார்கள்.